கிணற்றுத் தண்ணீர் சிவந்த கதை

போனை எடுக்காத பிள்ளைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதை உறையில் போட்டு உன் சென்னை விலாசத்துக்கே அனுப்பியிருக்கலாம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் பற்றி நீ ஊரறியப் பேசினாய். அந்தப் பேட்டியில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு, "இது எங்கம்மா என்னத் தூங்க வைக்கப் பாடுன தாலாட்டு, எங்க பரம்பரைப் பாட்டு" என்று சொன்னாய். ஊரறியச் சொன்னதற்கு ஊரறியத்தான் பதில் சொல்ல முடியும். அது தாலாட்டு இல்லை. நம் பரம்பரையில் யாரும் அதைப் பாடியதும் இல்லை. கல்யாணம் நெருங்கும் நேரத்தில் பெற்ற பிள்ளையோடு சண்டை போடலாமா என்று உன் சித்தி கேட்டாள். இப்போதே போட்டுவிடுகிறேன், அப்புறம் அந்த வேலை உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ரெஜினா தலையில் அல்லவா விழும் என்றேன்.

உன் பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். "கடக்காத்தே கடக்காத்தே எங்க போற நீ, என் கன்னம் ரெண்டும் செவந்த கதய சொல்லிடாத நீ." இதில் 'செவந்த' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, தொண்டைக்குள் சிணுங்குகிற மாதிரி ஒரு 'க்கும்' வைக்கிறாய். பாட்டுக்கே அதுதான் உயிர் என்கிறார்கள். கடலூர் பஸ்ஸில் காலேஜ் பெண்கள் அந்த 'க்கும்'மை மட்டும் தனியாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், இது என் பிள்ளை பாடியதென்று சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் துறுதுறுக்கும். பெருமை இல்லாமலா?

நான் அடுப்படியில் அதை முணுமுணுத்தது உண்மை. நீ கேட்டு வளர்ந்ததும் உண்மை. கேட்ட பாட்டைப் பாடியதில் உன் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'பரம்பரை' என்று நீ சொன்னதும் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. என் அம்மாவுக்கு ஜெபமாலைப் பாட்டைத் தவிர வேறு பாட்டே தெரியாது. அப்படியென்றால் இதை எனக்கு யார் கொடுத்தது? தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்து, முகம் தெரியாத குரல்களைக் கேட்டே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டியவள் நான். முகங்கள் மறந்துபோகும், குரல்கள் போகாது. யோசிக்க யோசிக்க, நம் கோவில் திருவிழாவில் ஒரு பாட்டுக்கச்சேரி நினைவுக்கு வந்தது. நீ கைக்குழந்தை. மேடையில் ஜிகினாப் புடவை கட்டிய ஒரு பெண் இதைப் பாடினாள். அந்த 'க்கும்' அப்போதே அதில் இருந்தது.

அந்தக் கச்சேரிக் குழுவை நடத்தியவர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கீபோர்டு வாசித்தவர் இன்று ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். உன் அப்பாதான் வண்டியில் கூட்டிப் போனார். "போயி இன்னா கேக்கப் போற?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கடைக்காரர் உன் பேரைக் கேட்டதும் நாற்காலி போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார். பாட்டை யார் எழுதியது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நாங்க எழுதலக்கா. சிதம்பரத்துல ஒரு ரெக்கார்டிங் கடையில கேசட் ஒண்ணு கெடச்சுது. மெட்டு சூப்பரா இருந்துது. வார்த்தைய மட்டும் மாத்திக்கிட்டோம்."

"ஏன் மாத்துனீங்க?"

"அது ஏதோ தண்ணிப் பிரச்சனைப் பாட்டுக்கா. திருவிழாவுல எவன் கேப்பான்? காதல் பாட்டாக்குனோம், ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டாங்க."

அங்கேயே நான் விட்டிருக்கலாம். அப்பாவும் வீட்டுக்குத் திரும்பத்தான் வண்டியைத் திருப்பினார். நான் ஏறவில்லை. ஒரு பாட்டின் வார்த்தையை இன்னொருவர் மாற்றினார் என்றால், மாற்றுவதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது என்றேன். அப்பா வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு என்னோடு சிதம்பரம் பஸ் ஏறினார்.

ரெக்கார்டிங் கடை இருந்த இடம் மேலவீதிப் பக்கத்தில் ஒரு சந்து. இப்போது அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். நடத்துவது அதே ஆள்தான். வயதாகிவிட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை. நாங்கள் உட்கார்ந்ததிலிருந்து தான் பதிவு செய்த நாடகங்கள், தேர்தல் பாட்டுகள், கல்யாண வாழ்த்துகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எங்கள் விஷயத்துக்கு வந்தார். பாட்டின் முதல் வரியை நான் பாடிக் காட்டினேன். "இது அந்தச் செம்மங்குப்பம் அம்மா பாட்டாச்சே" என்று உள்ளே போனவர், பீரோவைக் குடைந்து ஒரு கேசட்டோடு வந்தார். டேப்ரிகார்டரை இரண்டு தட்டுத் தட்டி ஓடவிட்டார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், யாரையோ அதட்டுகிற மாதிரி, "செம்மங்குப்பம் பூங்காவனம் பாடுறேன்" என்றது. மேளம் இல்லை, கீபோர்டு இல்லை. பெண்கள் கை தட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

"கடக்காத்தே கடக்காத்தே எங்க போற நீ, எங்க கெணத்துத் தண்ணி செவந்த கதய சொல்லிப் போடு நீ."

மகனே, உன் பாட்டில் கடற்காற்றைப் பார்த்துச் சொல்லாதே என்கிறாள் ஒருத்தி. இந்தப் பாட்டில் சொல்லு என்கிறாள். கன்னம் சிவந்த கதை இல்லை, ஏதோ ஒரு ஆலைக் கழிவு இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் சிவந்த கதை. அந்தத் தண்ணீரில் துவைத்த பள்ளிக்கூடச் சட்டை, அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்த கன்றுக்குட்டி, ராத்திரி காற்று வீசினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூச்சு முட்டக் கிடக்கிற பிள்ளைகள் என்று அடி அடியாகப் பாட்டு போகிறது. 'செவந்த' என்ற சொல்லுக்கு முன்னால் அந்தக் குரல் நின்றது. நானும் உன் 'க்கும்'முக்காகக் காத்திருந்தேன். வந்தது. அது சிணுங்கல் இல்லை. இருமல். நெஞ்சிலிருந்து கிளம்பிய இருமலை அந்த அம்மாள் தொண்டையிலேயே அழுத்தி நிறுத்திவிட்டுப் பாட்டைத் தொடர்கிறாள். கச்சேரிக்காரி அதைக் கேட்டு அழகுக்கு ஒரு சங்கதி என்று நினைத்தாள். நான் அவளிடம் கற்றேன். நீ என்னிடம் கற்றாய்.

"நான் அப்பவே சொன்னேம்மா, இருமல் விழுந்துடுச்சு, இன்னொரு தடவ எடுத்துடலாம்னு," என்றார் கடைக்காரர். "அந்தம்மா ஒத்துக்கல. இருமலும் இருக்கட்டும், எங்க ஊர்ல எல்லாரும் இப்புடித்தான் இருமுறோம், கேக்குறவனுக்குத் தெரியட்டும்னுட்டாங்க. அந்தக் கேசட்ட ஆட்டோவுல மைக் கட்டி ஊரு ஊரா போட்டுக்கிட்டுப் போனாங்க."

உன் அப்பா எதற்கும் சட்டென்று கண் கலங்குகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கும் கலங்கவில்லை. கேசட் நின்றதும், "இதக் கேட்டுட்டு அந்தப் பேட்டிய நான் இன்னொரு தடவ பாக்க முடியாது" என்றார். பிறகு தன் போனில் அந்தப் பாட்டை முழுவதும் பதிவு செய்துகொண்டார்.

பூங்காவனம் எங்கே என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவர் மகள் அண்ணாமலை நகரில் வீடு கட்டிக் குடியிருக்கிறாள், அம்மாவும் அவளோடுதான் என்று கடைக்காரரே ஆட்டோ பிடித்து அனுப்பினார். நீ மனதில் ஏதாவது ஏழைக் கிழவியை வரைந்துகொள்ளாதே. பூங்காவனம் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவர். மாடி வீடு, ஆளுயர டிவி, மகளும் மருமகனும் உத்தியோகத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் இன்னாரின் அம்மா என்றதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாத்தான் பாடுறான் ஒம் மவன். எம் பேத்தி அதுக்கு டான்ஸ் ஆடி போன்ல போடுது. ஆனா கன்னம் எங்கேருந்து வந்துது?"

நடந்ததைச் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். மனுக் கொடுத்துப் பார்த்து, பதில் வராமல், செம்மங்குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலில் சும்மா உட்கார முடியவில்லை, பாட்டாகக் கட்டினேன் என்றார். முதல் அடியை அவர் போட, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு அடி சேர்த்திருக்கிறார்கள். கன்றுக்குட்டி அடியைச் சேர்த்தவள் இப்போது இல்லை, நெஞ்சு வியாதியில் போய்விட்டாள் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

"நான் இன்னா செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

"காசு கீசுன்னு பேசிடாத. எம் பேரச் சொல்லச் சொல்லு. இது எந்த ஊர்ப் பாட்டு, எதுக்குப் பாடுனதுன்னு சொல்லச் சொல்லு. அத விட்டுட்டு பரம்பரப் பாட்டாம், தாலாட்டாம். தூங்குறதுக்கா பாடுனோம்?"

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நீ ஆச்சரியப்படுவாய், உடனே அந்த அம்மாவைப் பார்க்கக் கிளம்பி வருவாய் என்று நினைத்தேன். நீ ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும்மா, பேட்டிக்கு முன்னாடியே யாரோ கீழ கமெண்ட்டுல எழுதியிருந்தாங்க" என்றாய். தெரிந்த பிறகுதான் அந்தப் பேட்டியில் அப்படிச் சொல்லியிருக்கிறாய். பாட்டுக் கம்பெனியில் மரபுப் பாட்டு என்று போட்டாகிவிட்டது, இப்போது மாற்றினால் வம்பு, அடுத்த படத்தில் இரண்டு பாட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றெல்லாம் அடுக்கினாய். "அந்தம்மாவ இப்ப யாரும்மா கேக்கப் போறா?" என்று முடித்தாய்.

நான் கேட்பேன். ஏனென்றால் ஒருமுறை உனக்காகவும் போய்க் கேட்டிருக்கிறேன். நீ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டாய். கோவில் பாடகர் குழுவில் ஆர்கன் வாசித்தவர் அதைத் தன் மெட்டு என்று சொல்லிப் பூசையில் பாட வைத்தார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீ வீட்டுக்கு வந்து பிரியாணியைத் தொடவில்லை. பண்டிகைச் சட்டையோடு குப்புறப் படுத்துக்கொண்டு, "எம் பாட்டும்மா அது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அந்த மனிதர் வீட்டுக்குப் போனேன். பெரியவர், பக்திமான், அவரோடு பேசிக்கூடப் பழக்கமில்லை. சின்னப் பையன் மெட்டை யார் கேட்கப் போகிறார்கள் என்று அவரும் சிரித்தார். நான் கேட்க வந்திருக்கிறேன், நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் எழுந்து சொல்வேன் என்றேன். அவரே சொன்னார். உன் பேரைச் சொன்னபோது உன் முதுகு எப்படி நிமிர்ந்தது என்று பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்தது சரி என்றால் இன்றைக்குச் செய்வதும் சரி. நீ என் பிள்ளை என்பதற்காக நியாயத்தைத் திருப்பிப் போட எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் நீ என்னைப் படமெடுக்கக் கேமராக்காரர்களை அனுப்பினாய். வாயை மூடிக்கொண்டிரு என்று கூட நீ கேட்கவில்லை, வாயைத் திறந்து பொய் சொல்லச் சொன்னாய். "ஒரு வரி போதும்மா, தாலாட்டுன்னு சொல்லு" என்று வாட்ஸ்அப்பில் குரலனுப்பினாய். வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். என் அடுப்படியில் லைட்டைப் பொருத்தி, கையில் முறத்தைக் கொடுத்து அரிசி புடைக்கச் சொன்னார்கள். நம் வீட்டில் முறமே கிடையாது, அதையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். நான் முறத்தைக் கீழே வைத்தேன். கேமராவைப் பார்த்து, "இந்தப் பாட்டப் பாடுனது செம்மங்குப்பம் பூங்காவனம். அவுங்க ஊரு கெணத்துத் தண்ணி கெட்டுப்போனதுக்குப் பாடுனது. எம் மவன் அதப் பாடியிருக்கான். நான் தாலாட்டாப் பாடல" என்றேன். இன்னொரு தடவை எடுக்கலாம் மேடம் என்றான் அந்தப் பையன். எத்தனை தடவை எடுத்தாலும் இதைத்தான் சொல்வேன் என்றேன். யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு லைட்டைக் கழற்றினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன். அன்றைக்கு "ஏம்மா எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்ட" என்று கேட்டாயே, அதுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது.

அப்புறம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். அந்தக் கேமராக்காரர்கள் எடுத்தது வெளியே வராது என்று தெரிந்ததும், பூங்காவனத்திடம் சம்மதம் கேட்டு அப்பா தன் போனில் இருந்த பழைய பதிவை வலையில் போட்டார். உன் பாட்டைக் கேட்ட கூட்டத்தில் ஒரு மூலை அளவு கூட அதைக் கேட்கவில்லை. கேட்டவர்களிலும் சிலர், பிள்ளை பெயரெடுத்தது பொறுக்காத அம்மா என்று எழுதினார்கள். எனக்கு விளம்பர ஆசையாம். எழுதட்டும். தொலைபேசி நிலையத்தில் லைன் கிடைக்காதவர்கள் பேசிய பேச்சையெல்லாம் கேட்ட காது இது. ஆனால் செம்மங்குப்பத்தில் அந்தப் பதிவு வீடு வீடாகப் போயிருக்கிறது. தண்ணீருக்காக மஞ்சக்குப்பம் மைதானத்தில் பல ஊர்க்காரர்கள் கூடியபோது பூங்காவனத்தைப் பாடக் கூப்பிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

ரெஜினாவும் வந்தாள். இதை அவள் உன்னிடம் சொன்னாளா என்று தெரியாது. நான் பாட்டை அவளுக்கு அனுப்பியிருந்தேன். கேட்டுவிட்டுப் போன் செய்தாள். "அத்த, இது அவருக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். மைதானத்துக்குப் போவதையும் சொன்னேன். "நான் வரேன் அத்த" என்று வைத்துவிட்டாள். புதுச்சேரியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றாள். பூங்காவனத்துக்கு இப்போது குரல் உடைந்துவிட்டது. மேல்ஸ்தாயி எட்டவில்லை. எட்டாத இடத்தையெல்லாம் கூட்டத்திலிருந்த பெண்கள் எடுத்துப் பாடினார்கள். கன்றுக்குட்டி அடி வந்தபோது அவர் பாடுவதை நிறுத்தி, அதைக் கட்டியவளின் பேரை மைக்கில் சொல்லிவிட்டுப் பாடினார். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் மேல் கோபமா, உனக்காக வருத்தமா என்று நான் கேட்கவில்லை. அது நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியது.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவளுடையதை அவள் பேரில் சொல்லு. நாளைக்கு வீட்டுக்கு ஒரு நல்ல யோசனை அவள் சொல்வாள். நண்பர்கள் வந்து பாராட்டும்போது அது உன் யோசனை ஆகிவிடும், நீ வேண்டுமென்று செய்யாமலே. உன் அப்பாவிடம் எனக்கு எத்தனையோ மனஸ்தாபம் உண்டு, ஆனால் இந்த ஒன்றில் அவர் தவறியதில்லை. இந்த வீட்டைக் கட்டும்போது மாடிப்படியை வெளியே வைக்கலாம் என்று நான் சொன்னேன். வந்து பார்த்த ஒவ்வொருவரிடமும், கொத்தனாரிடம், கரண்ட்காரரிடம், பாதிரியாரிடம் கூட, "இது அவ சொன்னது" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போனார். நான் உள்ளே காபி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு பெண்ணுக்கு நகை வாங்கிப் போடுவதைவிட அது பெரிசு. வாங்கிய பேரைத் திருப்பிக் கொடுக்கிறவன் குறைந்துபோவதில்லை. உனக்குக் குரல் இருக்கிறது. அடுத்தவர் பாட்டைப் பாடினேன், அது இன்னார் பாட்டு என்று சொன்னால் உன் குரல் என்ன, உடைந்தா போய்விடும்? அதற்காகப் பாட்டுத் தராத கம்பெனி தராமலே போகட்டும். நீ கோவில் பாடகர் குழுவில் பாடினாலும் எனக்குப் பாடகன்தான்.

போன வாரம் நானும் அப்பாவும் சிதம்பரம் போய் உன் கல்யாணப் பத்திரிகையைப் பூங்காவனம் கையில் வைத்தோம். தட்டில் பூ, பழம் எல்லாம் வைத்து, உறவுக்காரர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே கொடுத்தோம். "ஒம் மவனுக்குத் தெரியுமா?" என்றார். தெரிவிப்பேன் என்றேன். இதோ தெரிவித்துவிட்டேன். ரிசப்ஷனில் உன்னைப் பாடச் சொல்வார்கள், அதைத்தான் பாடச் சொல்வார்கள். பாடு. ஆனால் பாடுவதற்கு முன்னால் மைக்கில் அவர் பேரையும் ஊரையும் சொல்லி, அவரை மேடைக்குக் கூப்பிடு. நீ கூப்பிடாவிட்டால் நான் வருவேன். பட்டுப்புடவையோடு, சம்பந்திகள் பார்க்க, உன் கம்பெனிக்காரர்கள் பார்க்க, மேடையேறி மைக்கை வாங்குவேன். என்னைத் தடுக்க யாரையாவது நிறுத்தலாம் என்று நினைக்காதே, உன் அப்பா எனக்கு வழிவிடச் சொல்லிக்கொண்டு முன்னால் நடப்பார். ரெஜினா எந்தப் பக்கம் நிற்பாள் என்பதையும் நீ யோசித்துக்கொள்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்று ஒரு நாற்காலி போடுவார்கள் இல்லையா, அதில் பூங்காவனத்தை உட்கார வை. நான் நின்றுகொள்கிறேன்.

அம்மா